எழுதாத விதிகள் ஏ.ஐ.க்குப் புரியுமா?

யாரும் எழுதி வைக்காத பழக்கவழக்கம் ஏ.ஐ.க்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். மும்பை லோக்கல் ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். செகண்ட் கிளாஸில் மூன்று பேர் பெஞ்சில் நான்காவது ஆள் கேட்டால் நகர்ந்து இடம் தர வேண்டும். எந்தப் பலகையிலும் இது இல்லை. ஆனாலும் ஏ.ஐ. சரியாகச் சொல்லிவிடும், ‘ஃபோர்த் சீட்’ பற்றி எத்தனையோ பேர் இணையத்தில் புலம்பியாயிற்று. ஏ.ஐ.க்குள் இருக்கும் மொழி மாடல், மனிதர்கள் எழுதியவற்றைப் படித்து அடுத்த சொல்லை ஊகித்து ஊகித்தே கற்கிறது. சட்டத்தில் இல்லாவிட்டாலும் பேச்சில் இருந்தால் போதும், அகப்பட்டுவிடும்.

சிக்கல், எழுதவே தோன்றாத விஷயங்களில்தான். ‘இறங்கப் போகிறேன், நீ உட்கார்’ என்று கண்ஜாடையிலேயே இடம் கைமாறுவதை யார் பதிவு போடுகிறார்கள்?

இந்த விதிகளையெல்லாம் நாமே கையால் எழுதிக் கொடுத்தால் என்ன? 1984-ல் கணினி விஞ்ஞானி டக்ளஸ் லெனாட் தொடங்கிய ‘சைக்’ திட்டம் அதைத்தான் செய்தது. லட்சக்கணக்கில் எழுதியும் தீரவில்லை. விதிக்கு விலக்கு, விலக்குக்கும் விலக்கு.

ஆகவே ஏ.ஐ.யிடம் கேட்கும்போது இடம், உறவு, வயது எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். தாராவியில் பக்கத்து வீட்டு அக்கா குழம்பு கொடுத்த பாத்திரத்தை என்ன செய்வது என்று மொட்டையாகக் கேட்டால், ‘கழுவித் திருப்பிக் கொடுங்கள்’ என்றே பதில் வரக்கூடும். வெறும் பாத்திரமாகக் கொடுக்கலாமா என்று கேட்டால்தான் நம் வழக்கம் வெளியே வரும்.