டாக்டராக இல்லாமல் நமக்கு என்ன இடம்? – கடிதம்

அன்புள்ள அக்கா,

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். தஞ்சாவூரில் எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி படிக்கிறேன். சித்தப்பா மகனுக்கு ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. சென்னையில் வைத்தியம் பார்த்து, இரண்டு வருடம் ராத்திரி ராத்திரி மாத்திரை கொடுத்தார்கள். இப்போது பள்ளிக்கூடம் போகிறான். குழந்தைகள் புற்றுநோயில் ஆராய்ச்சி செய்ய ஆசை. வீட்டில், “நீ என்ன டாக்டரா? பேசாமல் பி.எட். முடி” என்கிறார்கள். டாக்டராக இல்லாமல் இதில் நமக்கு என்ன இடம்?

– ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

தம்பி பள்ளிக்கூடம் போகிறான் என்று படித்ததும் மனசு நிறைந்தது.

உங்கள் பிராக்டிகல் நோட்டைப் புரட்டுங்கள். பாஸ்பரஸ் அளக்கும் ‘ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை’ இருக்கும். மாலிப்டேட் கரைசல் விட்டு, அப்புறம் அன்சா என்ற இன்னொரு கரைசல் விட்டதும் சோதனைக் குழாயில் மெல்ல நீலம் ஏறுமே, அதுதான். அந்தச் சுப்பாராவ் பீமவரத்தில் பிறந்து, சென்னையில் மருத்துவம் படித்து, அமெரிக்கா போனவர். அங்கே மருத்துவராக இல்லை, உயிர்வேதியியலில்தான் வாழ்நாளைக் கழித்தார். அந்த முறை 1925-இல் வந்தது.

ஃபோலிக் அமிலம் நமக்குத் தெரிந்ததுதான். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிறார்களே, அதே சத்து. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது நோய் வேகமாக வளர்ந்ததாகத் தெரிந்தது. வயலில் யூரியா போட்டால் நெல் மட்டுமா தின்னும்? கோரையும் சேர்ந்துதான் தின்னும். அப்படியானால் அந்தச் சத்தைப் போலவே இருந்து, உள்ளே போய் வேலை செய்யாமல் வழியை அடைத்துக்கொள்ளும் ஒரு போலி இருந்தால்? சுப்பாராவின் குழு அப்படிச் செய்ததுதான் அமினோப்டெரின் என்ற மருந்து. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தணிந்தது. தற்காலிகமாகத்தான். ஆனால் அதற்குமுன் அதுவே நடந்ததில்லை. அந்த முடிவு வெளியானது 1948 ஜூனில். ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துவிட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தாங்காது.

தம்பிக்கு ராத்திரியில் கொடுத்தது பெரும்பாலும் மெர்காப்டோப்யூரின் என்ற மருந்தாக இருக்கும். அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் கெர்ட்ரூட் எலியான் என்ற அமெரிக்க விஞ்ஞானி. தாத்தா வயிற்றுப் புற்றுநோயில் இறந்ததைப் பதினைந்து வயதில் பார்த்தவர். பெண் என்பதால் உதவித்தொகை கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தார். ஒரு மளிகை நிறுவனத்தில் ஊறுகாயின் புளிப்பை அளந்தார். பிஎச்.டி. பட்டத்தைக்கூட முடிக்கவே இல்லை. மருந்து 1953-இல் அனுமதி பெற்றது. 1988-இல் அவருக்கு நோபல் பரிசு.

ஆகவே பி.எட். படித்தாலும் தப்பில்லை, அவரும் டீச்சராக இருந்தவர்தான். ஆனால் வேறு வழியில்லை என்று நினைத்துப் படிக்காதீர்கள். எம்.எஸ்சி. முடிக்கும் வருடத்திலேயே சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை லைஃப் சயின்சஸ் பாடத்தில் எழுதலாம். அதில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. வீட்டில் முதலில் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், காது கொடுப்பார்கள். அப்பாவை ஒருநாள் கல்லூரி ஆய்வகத்துக்கு அழைத்துப்போக முடிந்தால், அந்த நீலம் ஏறுவதைக் காட்டுங்கள்.

நெட் விண்ணப்பம் போட்டதும் எழுதுங்கள். தம்பி எந்த வகுப்பு என்பதையும்.