எதுகை விழுகிறது, ஆனால் வரி நிற்கவில்லை என்றால்

தம்பி, தாராவி 90 அடி ரோடு பக்கம் இருந்து தமிழில் ராப் எழுதுகிறேன், ரைம் எல்லாம் கச்சிதமாக விழுகிறது, ஆனாலும் நண்பர்கள் "வரியில் ஒன்றுமில்லை" என்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நண்பர்கள் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

தமிழில் கடைசி ரைம், அதாவது இயைபு, ரொம்ப மலிவு. வினைச்சொல் வரியின் கடைசியில் வருவதால் விகுதியே அதைத் தந்துவிடும். நீங்கள் அனுப்பிய "ஓடினேன், தேடினேன், வாடினேன், பாடினேன்" வரியில் இரண்டாம் எழுத்து எதுகைகூட இருக்கிறது. சரி, எதைத் தேடினீர்கள்? அது வரியில் இல்லையே! ஆங்கிலத்தில் வினை பெரும்பாலும் வரியின் கடைசியில் வராது, விகுதியும் இப்படி ரைமைத் தந்துவிடாது. அங்கே ரைமுக்குக் கைதட்டு விழுவதில் நியாயம் உண்டு.

இதைப் பாருங்கள், இப்போது நானே எழுதியது:

நாலு மணிக்கு வரும் தண்ணி
நிற்கிறாள் அம்மா குடத்தை எண்ணி

இங்கேயும் ரைம் இருக்கிறது. ஆனால் "எண்ணி" வந்ததும் ஒரு குடம் குறைந்தால் என்ன ஆகும் என்ற பயமும் கூடவே வருகிறது. ரைம் விழும் சொல்தான் அந்த வரியிலேயே கனமான சொல்லாக இருக்க வேண்டும்.

அடுத்த பாட்டை முதலில் ரைமே இல்லாமல், வீட்டில் பேசுகிற மாதிரி எழுதிப் பாருங்கள். அப்புறம் பீட்டில் ஏற்றுங்கள். எழுதியதும் இங்கே போடுங்கள், கட்டாயம் படிக்கிறேன்.