பனி என்றால் எந்தப் பனி?

ஐயா,

என் மகன் அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்குப் பக்கத்தில், ஹவுட்டன் என்ற ஊரில் படிக்கிறான். காலை வெயிலில் ஏரி மேல் புகை எழும் படம் ஒன்று அனுப்பினான், அப்படி ஒரு அழகு. எங்கள் தெருவில் எல்லோருக்கும் காட்டினேன். அத்தனை குளிரிலும் அந்த ஏரி ஏன் உறையவில்லை? அங்கே மட்டும் ஏன் இவ்வளவு பனி? இங்கிருந்து ஸ்வெட்டர் அனுப்பலாமா? பனியில் தலையை மூடிக்கொள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பர்மா மோல்மீனிலிருந்து ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

ஸ்வெட்டர் வேண்டாம். அந்தக் குளிருக்கான உடுப்பு அந்த ஊர்க் கடையில்தான் கிடைக்கும், பணம் அனுப்புங்கள்.

அந்த ஏரி 82,000 சதுர கிலோமீட்டர் பரப்பு, 400 மீட்டருக்கு மேல் ஆழம். அவ்வளவு தண்ணீர் கோடையில் வாங்கிய சூட்டைச் சீக்கிரம் விடாது. (2014 போல, பெரும்பகுதி உறைந்துபோகும் வருடங்களும் உண்டு.) வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்று அந்தத் தண்ணீரைத் தாண்டும்போது ஆவியை அள்ளிக்கொண்டு, எதிர்க்கரை ஏறியதும் பனியாகக் கொட்டிவிடுகிறது. உங்கள் மகன் இருக்கும் கீவீனா தீபகற்பம் அந்தக் காற்றுக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கிறது. 1978-79 குளிர்காலத்தில் அங்கே 390 அங்குலம் விழுந்தது. கிட்டத்தட்ட பத்து மீட்டர், மூன்று மாடி உயரம்.

சரி. தலையை மூடிக்கொள் என்று சொன்னீர்களே, அதிலேதான் நின்றுவிட்டேன். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று வளர்ந்தவர்கள் நாம். நம் பனி எட்டு மணி வெயிலுக்குப் போய்விடும். அவன் பனியை வாசலிலிருந்து வாரிக் கொட்ட வேண்டும், மதியத்துக்குள் மறுபடி நிறைந்துவிடும். இரண்டுக்கும் நம்மிடம் ஒரே சொல் இருப்பதால் அவன் சொன்னது புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டீர்கள்.

பதினான்கு வயதில் என்னை ஷான் மலையில் இன்லே ஏரிப் பக்கம் ஒரு டீக்கடையில் விட்டார்கள். விடியற்காலை நாலு மணிக்குப் பச்சைத் தண்ணீரில் கிளாஸ் கழுவ வேண்டும், விரலெல்லாம் வீங்கி வெடித்திருக்கும். ரங்கூனில் இருந்த அம்மாவுக்கு என்ன எழுதினேன் தெரியுமா? ஏரி மேல் மேகம் இறங்கி நிற்கிறது, ஒற்றைக் காலால் துடுப்புப் போடுகிறவர்கள் இடுப்பு வரை அதற்குள் மறைந்து போகிறார்கள் என்று. பொய்யில்லை, தினமும் அதைப் பார்த்து நின்றிருக்கிறேன். அம்மா அக்கம்பக்கத்தில் வாசித்துக் காட்டிவிட்டு, 'உனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது' என்று பதில் போட்டார்கள். அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். கை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கேட்டிருந்தால் எல்லாவற்றையும் எழுதியிருப்பேன்.

ஏம்மா, தெருவுக்கெல்லாம் காட்டினீர்களே, அவனிடம் ஒரு கேள்வி கேட்டீர்களா? பனியைக் கொட்டும் அதே ஆவிதான் மேகமாகி நாள்கணக்கில் வானத்தை மூடிவிடுகிறது. டிசம்பரில் பகலே எட்டரை மணி நேரம்தான். நீங்கள் ரசித்த அந்த வெயில் எத்தனை நாளைக்கு அப்புறம் வந்ததோ, பார்த்ததும் ஓடிப்போய்ப் படம் எடுத்திருக்கிறான் பிள்ளை. வெயிலைப் பார்த்து எத்தனை நாள் ஆச்சு, ஷூவுக்குள் ஈரம் போகிறதா, ராத்திரி யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று கேளுங்கள். நன்றாக இருக்கிறேன் என்றுதான் முதலில் சொல்வான். விடாதீர்கள், மறுபடி கேளுங்கள்.

நாளைக் காலை எட்டு மணிக்குக் கூப்பிடுங்கள். அவனுக்கு அப்போது முந்தின ராத்திரி எட்டரை, அறையில்தான் இருப்பான்.