கையெழுத்துப் போட்டது யார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருப்பூரைச் சுற்றி இத்தனை கம்பெனி, இத்தனை ஆயிரம் கோடிக்கு ஏற்றுமதி. ஆனால் எங்கள் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரை மாடுகூடக் குடிப்பதில்லை. நாங்கள் குடிக்கக் கேன் வாங்குகிறோம். இதற்குப் பெயர் வளர்ச்சியா?
– சென்னிமலையிலிருந்து ஒரு வாசகி

மாடுகூடக் குடிப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் ஒரத்துப்பாளையம் பக்கம் இருக்கும் எங்கள் சின்னம்மா தோட்டம்தான் கண்ணில் வந்து நின்றது. சொட்டுநீர்க் குழாயில் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், நகத்தால் சுரண்டினால் பொருக்காக உதிரும். தென்னை மட்டையின் நுனியெல்லாம் தீயில் வாட்டின மாதிரி இருக்கும். தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் காளை மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கொஞ்சம் உப்புக் கரிக்கிற சப்பைத் தண்ணீருக்கே பழகின மாடு அது.

திருப்பூருக்குக் கீழே நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையை 1992-ல் திறந்தது பாசனத்துக்குத்தான். சில வருடங்களிலேயே அதில் நின்றது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் சாயத்தண்ணீர். எந்த விவசாயிகளுக்காகக் கட்டினார்களோ அவர்களே தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று கெஞ்ச வேண்டிய நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்று 2006-ல் உயர் நீதிமன்றம் சொன்னது, 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, அப்புறமும் நிற்காததால் 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரே வாரத்தில் ஊரே வெறிச்சோடியது. பட்டறையில் வேலை பார்த்தவர்கள், அவர்களுக்குச் சோறு போட்ட மெஸ், நூல் ஏற்றிய டெம்போ என்று எத்தனை வயிறு காய்ந்தது என்பதை அப்போது திருப்பூரில் இருந்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள்.

நான் சாயப்பட்டறைக்காரர்களை மட்டும் திட்டத் தயாராக இல்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது 1974-ல், அதாவது அந்த அணை திறப்பதற்குப் பதினெட்டு வருடம் முன்னால். பட்டறைக்கு அனுமதி கொடுக்கவும், மீறினால் மூடவும் அதிகாரம் அப்போதே இருந்தது. ஒவ்வொரு அனுமதியிலும் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் மாற்றலாகிப் போய்விட்டார், அடுத்தவர் வந்தார், அவரும் போனார், உப்பு மட்டும் சின்னம்மாவின் நிலத்தில் தங்கிவிட்டது. இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடுகின்றன, தண்ணீரைச் சுத்தம் செய்து மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள், அது நிஜமாகவே பெரிய மாற்றம்தான். ஆனால் வழி நெடுகச் சாக்கடை கலப்பது நிற்கவில்லை. மண்ணில் இறங்கின உப்பும் ஒரு மழையில் கரைந்து போகிற உப்பு இல்லை.

வளர்ச்சியா என்று கேட்டீர்கள். சம்பாத்தியம் என்று சொல்வேன். வளர்ச்சி என்ற சொல்லை உங்கள் கிணறு தேறும்வரை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் தலைவரே இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால்கூட யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. தேர்தல் நடத்தாமல் இப்படி விடலாமா?
– அவிநாசி வட்டத்திலிருந்து ஒரு வாசகர்

விடக் கூடாது. ஐந்து வருடப் பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்துவிட வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டமே சொல்கிறது. கொங்கு மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது, தேர்தல் நடக்காமல் தலைவருக்குப் பதிலாக அரசு போட்ட தனி அலுவலர் வந்தார். அதற்கு முன்னால் 2016 அக்டோபரில் இருந்து 2019 கடைசி வரைக்கும் மூன்று வருடத்துக்கு மேல் இதே கதைதான். வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு என்று காரணம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். மத்திய நிதிக் குழுவின் மானியமும் தேர்ந்தெடுத்த ஊராட்சி இருந்தால்தான் ஒழுங்காக வரும். ஆகவே தேர்தல் தள்ளிப்போனால் அடிபடுவது உங்கள் தெருக் குழாய்தான்.

தனி அலுவலரைக் குறை சொல்லிப் பயனில்லை, பாவம் அவர் தலையில் எத்தனையோ ஊராட்சி. ஆனால் அவருக்கு உங்கள் ஓட்டு தேவையில்லை. மழையில் தெரு சேறாகிப் போனால், விடியற்காலை ஆறு மணிக்கு அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார உங்களால் முடியாது. தலைவர் வீட்டில் உட்காரலாம். உள்ளாட்சி என்றால் எனக்கு அந்தத் திண்ணைதான்.

இருந்தாலும் கிராம சபையை விட்டுவிடாதீர்கள். தலைவர் இல்லாவிட்டாலும் அது கூடும், வருடத்துக்கு ஆறு முறை. ஒரு காந்தி ஜெயந்தி அன்று உங்கள் பக்கத்து ஊராட்சி ஒன்றில் போய் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூட வராந்தா, இருபது நாற்காலி, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பத் தயாராக ஒரு கூட்டம். செயலர் வரவு செலவைக் கடகடவென்று படித்துக்கொண்டு போனார். அப்போது ஒரு பாட்டி எழுந்து, "பதினாலு பல்பு மாத்துனதாப் படிச்சீங்களே, எந்தெந்தத் தெருன்னும் படிச்சிருங்க சாமி" என்று கேட்டார். வராந்தா அமைதியாகிவிட்டது. பதிவேட்டைப் புரட்டினார்கள், இன்னொரு நோட்டை எடுத்து வரச் சொன்னார்கள். கடைசியில் ஏழு தெருவின் பெயர்தான் வந்தது. அந்தப் பாட்டி கத்தவில்லை, "அதையும் தீர்மானப் புத்தகத்துல எழுதிருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கேள்வி: கலெக்டர் முன்னிலையில் பேசி முடித்த கூலி உயர்வைக்கூடக் கொடுப்பதில்லை. தறியை எடைக்குப் போட்டுவிடலாமா என்று இருக்கிறது.
– பல்லடத்திலிருந்து ஒரு கூலித்தறிக்காரர்

உங்கள் கோபம் நியாயமானது. பாவு நூலைக் கொடுத்து நெய்து வாங்குகிறவர்களுக்கும் உங்களுக்கும் நடக்கும் ஒப்பந்தத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்பதுதான் வேர். பேசுகிறபோது எல்லாரும் சரி என்கிறார்கள், மார்க்கெட் கொஞ்சம் டல் அடித்தால் பழைய கூலிக்குப் போய்விடுகிறார்கள். 2022-லும் 2025-லும் வாரக்கணக்கில் தறிகளை நிறுத்தியது இதற்காகத்தான். 2023-ல் விசைத்தறிகளுக்கான இலவச மின்சாரத்தை 1,000 யூனிட்டாக உயர்த்தியது கொஞ்சம் மூச்சு விட உதவியது, ஆனால் மின்சாரம் கூலிக்கு ஈடாகாது. கையெழுத்தானதை மீறினால் என்ன தண்டனை என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதி, அதற்குச் சட்ட பலம் கொடுக்கிற வரைக்கும் சங்கம் அந்த ஒரு கோரிக்கையை விடக் கூடாது. தறியை இப்போதைக்கு எடைக்குப் போடாதீர்கள்.

கேள்வி: வடக்கத்திக்காரர்கள் வந்துதான் நம்ம ஆட்களுக்கு வேலை போகிறது என்கிறார்களே?
– பெருந்துறையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி

அம்மிணி, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஏதாவது பனியன் கம்பெனி வாசலில் நின்று பார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் சம்பளம் வாங்கின கையோடு ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்பார்கள். நம் தாத்தாக்கள் மழை பொய்த்த வருடங்களில் மேட்டாங்காட்டை விட்டு மில் வேலைக்குப் போன அதே நிலைமைதான். கூலி குறைகிறது என்றால் குறைப்பவர் யார் என்று கேட்க வேண்டும், குறைவாக வாங்குகிறவரிடம் சண்டைக்குப் போகக் கூடாது. வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் 1979-லேயே வந்துவிட்டது, 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வரும்வரை, உள்ளூர்க்காரருக்குக் குறையாத கூலி கொடுக்கச் சொன்னது. அதை ஒழுங்காக அமல்படுத்தியிருந்தாலே உள்ளூர் ஆளைத் தள்ளிவிட்டு வெளியூர் ஆளை எடுப்பதில் முதலாளிக்கு லாபம் இருந்திருக்காது. 2023 மார்ச்சில் பொய் வீடியோக்களை நம்பிப் பயந்துபோய் அவர்கள் ரயில் ஏறக் கூட்டம் கூட்டமாக நின்றது எனக்கு இன்னும் வலிக்கிறது.

கேள்வி: குழு லோன் தவணைக்காக ராத்திரி எட்டு மணிக்கு வீட்டு வாசலில் வந்து உட்காருகிறார்கள். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், கோபி

முதலில் பயப்படாதீர்கள். கடனை வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. வந்த தேதி, நேரம், ஆளின் பெயர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அதோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். தனியாகப் போக வேண்டாம், குழுவில் நாலு பேராகப் போங்கள்.

கேள்வி: மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டது. கொடுத்தால் மட்டும் ஆகிவிடுமா?
– காங்கயத்திலிருந்து ஒரு விவசாயி

அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தை நம் ஆட்கள் அறுபது வருடத்துக்கு மேல் கேட்டார்கள். 2024 ஆகஸ்ட் 17-ல் திறந்தார்கள், 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானியின் உபரி நீர். கேட்டவர்களில் பலர் தண்ணீரைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கேட்டது வீண் இல்லை, ஆனால் அறுபது வருடம் என்பது மன்னிக்க முடியாத தாமதம்.

அதனால் இனிமேல் மனுவோடு நிறுத்தாதீர்கள். "என் மனு இன்ன தேதியில் வந்தது, இன்று யார் மேசையில் இருக்கிறது, அதன் மேல் என்ன நடவடிக்கை, எடுக்க வேண்டிய அலுவலரின் பெயரும் பதவியும் என்ன" என்று நாலே வரியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகையோடு, பதிவு செய்த விரைவுத் தபாலில் அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அதே அலுவலகத்தில் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. திரும்பி வருகிற அந்த ஒப்புகையைப் பட்டா வைக்கிற பெட்டியிலேயே வையுங்கள்.