கூண்டு வைத்து இரண்டு வருடமாகியும் பர்ப்பிள் மார்ட்டின் வரவில்லை, கழற்றிவிடலாமா?

டெக்சஸில் வீட்டுப் பின்புறம் பர்ப்பிள் மார்ட்டின் பறவை கூடு கட்டக் கம்பத்தில் கூண்டு வைத்து இரண்டு வருடம் ஆகிறது, ஏப்ரலும் வந்துவிட்டது, ஒரு மார்ட்டின்கூட எட்டிப் பார்க்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

கழற்றாதீர்கள். நாங்கள் ஆஸ்டினுக்கு வடக்கே இருக்கிறோம். எங்கள் வீட்டுக்கு முதல் ஜோடி வந்தது மூன்றாவது வருடம், அதுவும் ஏப்ரல் கடைசியில்.

ஜனவரி கடைசியிலிருந்தே பிரேசில் பக்கமிருந்து பறவைகள் திரும்பத் தொடங்கும். முதலில் வருபவற்றை இங்கே ‘ஸ்கவுட்’ என்பார்கள். பெயரைக் கேட்டதும் அவை புது இடம் பார்க்க வருகின்றன என்றுதான் நானும் நினைத்தேன். அவை வயதான பறவைகள். போன வருடம் எங்கே குஞ்சு பொரித்தனவோ அங்கேயே நேராகப் போய்விடும். புதுக் கூண்டுக்குக் குடிவருவது பெரும்பாலும் முந்தைய வருடம் பிறந்த இளசுகள். அவை வாரக்கணக்கில் பிந்தித்தான் வரும். இளம் ஆணுக்கு அந்தக் கருநீல மினுமினுப்பு முழுதாக வந்திருக்காது. சாம்பல் நிற நெஞ்சில் மை தெறித்த மாதிரி அங்கங்கே ஊதாத் திட்டுகள் இருக்கும். அதைப் பார்த்தால் உங்கள் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அதற்குள் கூண்டு நிற்கும் இடத்தைப் பாருங்கள். நான் பெக்கான் மரத்துக்குப் பக்கத்தில், வேலியோரமாக நட்டிருந்தேன். வெயில் படாதே என்ற எண்ணம். பல வருடமாக மார்ட்டின் வளர்க்கும் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டார். இது தகைவிலான் இனத்துப் பறவை, வட அமெரிக்கத் தகைவிலான்களிலேயே பெரியது. தாழப் பறந்து வந்து சட்டென்று ஏறி வாசலில் உட்காரும். அதற்குத் திறந்த வெளி வேண்டும். மரக்கிளையில் பருந்து ஒளிந்திருக்குமோ என்ற பயமும் அதற்கு உண்டு. மரத்திலிருந்து குறைந்தது 40 அடி தள்ளி, 12 முதல் 20 அடி உயரத்தில் இருக்கட்டும். ஆனால் வீட்டை விட்டு ரொம்ப விலக்கிவிடாதீர்கள். மனிதர் நடமாட்டம் இருக்கும் இடம்தான் அதற்குப் பிடிக்கும். அது பழைய உறவு. சாக்டா, சிக்கசா என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள் சுரைக்குடுக்கையைக் குடைந்து கம்பத்தில் தொங்கவிட்டு இந்தப் பறவையைக் குடிவைத்தார்கள். இன்றைக்கு ராக்கி மலைக்குக் கிழக்கே அநேகமாக எல்லா மார்ட்டின்களும் மனிதர் வைத்த கூண்டில்தான் முட்டையிடுகின்றன. நாம் வைக்காவிட்டால் அதற்கு வேறு இடமில்லை.

அடுத்தது எனக்குச் சொல்லவே கஷ்டமான விஷயம், சிட்டுக்குருவி. ஊரில் அது காணாமல் போகிறதே என்று அட்டைப்பெட்டி கட்டி வைத்த வீட்டில் வளர்ந்தவன் நான். ஆனால் இங்கே அது 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பறவை. மார்ட்டின் முட்டையைக் கொத்தி உடைக்கும், குஞ்சையும் கொல்லும். முதல் இரண்டு வருடமும் என் கூண்டில் இருந்தது அதுதான். பாவம் என்று விட்டுவிட்டேன். மார்ட்டின் வராததற்கு அதுவே பெரிய காரணம். மூன்றாவது வருடம் வாரம் ஒருமுறை கூண்டை இறக்கி, அது திணித்த வைக்கோலை எடுத்துப்போட்டேன். இங்கே சட்டம் சிட்டுக்குருவிக் கூட்டைக் கலைக்க விடுகிறது. மார்ட்டினுக்கு, வலசைப் பறவைகளைக் காக்கும் 1918ஆம் வருடச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, அதனால் கூடு யாருடையது என்று தெரிந்துகொண்டு கை வையுங்கள். கூண்டைப் பிடிக்க வரும் ஸ்டார்லிங் என்ற இன்னொரு பறவையின் தொல்லைக்கு அரைநிலா வடிவ வாசல் போதும், உயரம் 1 3/16 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. சிட்டுக்குருவி அதிலும் நுழைந்துவிடும், அதனால் அதன் கூட்டைக் கையால் கலைப்பதைத் தவிர வழியில்லை. கம்பத்தில் பாம்பு ஏறாமல் தகரத் தடுப்பும் கட்டாயம்.

விடியுமுன் ஆண் மார்ட்டின் வானத்தில் பாடும் பாட்டின் ஒலிப்பதிவு கிடைக்கிறது. அதிகாலையில் ஒலிக்கவிட்டுப் பாருங்கள், இளசுகள் இறங்கி வரும்.

கொசுவை ஒழிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். இது பகலில், உயரத்தில் தும்பியையும் வண்டையும் பிடித்துத் தின்னும் பறவை.

எங்கள் ஜோடி வந்த நாலாம் நாள், பெண் பறவை அலகில் ஒரு பச்சை இலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தது. உள்ளே போகாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டே இருந்தது. மே நடுவில் கூண்டை இறக்கிக் கதவைத் திறந்தேன். காய்ந்த குச்சிகளுக்கு மேல் இலைகள், அவற்றின் மேல் ஐந்து வெள்ளை முட்டை. மனைவி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள், மூச்சுக்கூட விடவில்லை. உடனே மூடி ஏற்றிவிட்டோம். அடைகாக்கப் பதினைந்து, பதினாறு நாள், குஞ்சு பறக்க இன்னும் நான்கு வாரம். ஐந்தில் நான்கு பறந்தன.

உங்கள் கூண்டில் இப்போது வைக்கோல் இருக்கிறதா? இன்றே இறக்கிப் பாருங்கள். ஜூன் பிறக்கும் வரை கூண்டின் வாசல் திறந்தே இருக்கட்டும்.