ஒலிப்பதிவுக் கூடப் பயிற்சியில் கேபிள் சுற்றுவதைத் தவிர வேறு ஏதாவது கற்றுக்கொள்ள முடியுமா?

படிப்பின் ஒரு பகுதியாக நான்கு மாதங்கள் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பயிற்சி மாணவனாக இருந்தேன். கேபிள் சுற்றுவதும் தேநீர் கொண்டுவருவதும்தான் வேலை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அது முதல் சில வாரங்களுக்கு உண்மைதான். ஆனால் அந்தக் கேபிளை ஒழுங்காகச் சுற்றவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. முழங்கையில் மாட்டிச் சுற்றினால் உள்ளிருக்கும் கம்பி ஒரே பக்கமாக முறுக்கேறி நாளடைவில் அறுந்துவிடும். ஒரு சுற்றை இயல்பாகவும் அடுத்த சுற்றைக் கையை உள்பக்கமாகத் திருப்பியும் போட்டால், ஒன்றின் முறுக்கை மற்றொன்று எடுத்துவிடுவதால், நுனியைப் பிடித்து வீசியதும் சிக்கில்லாமல் தரையில் நீளும்.

நான் உண்மையில் கற்றுக்கொண்டது என் தவறு ஒன்றிலிருந்து. ஒருநாள் இரவு, பதிவான ஒலிகளைக் கலந்து சமன்செய்யும் மிக்ஸிங் வேலைக்காகக் கணினியின் பஃபர் அளவை, அதாவது ஒலியின் நுண்ணிய அளவீடுகளான சாம்பிள்களை ஒரு தடவைக்கு எத்தனை சேர்த்துக் கணினி கையாள்கிறது என்பதை, 1024 சாம்பிளாக உயர்த்தச் சொன்னார்கள். ஒலியை மெருகேற்றும் பிளக்கின் மென்பொருள்கள் நிறைய ஓடும்போது கணினி திணறாமலிருக்க அது தேவைதான். மறுநாள் காலை குரல் பதிவுக்கு முன் அதைக் குறைக்க மறந்துவிட்டேன். விநாடிக்கு 48,000 சாம்பிள் எடுக்கும் 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் 1024 சாம்பிள் என்பது ஏறத்தாழ 21 மில்லி விநாடி. ஒலி கணினிக்குள் போகும்போது ஒரு முறையும் வெளியே வரும்போது ஒரு முறையுமாக இந்தத் தாமதம் சேர்ந்து, பாடகியின் ஹெட்போனில் அவருடைய குரல் 40 மில்லி விநாடிக்கும் மேல் பிந்தி ஒலித்தது. அவர் தாளத்தைவிட்டு மெல்லப் பின்தங்கினார். நான்கு டேக் (பதிவு முயற்சி) ஆன பிறகு மைக்கிலிருந்து சற்று விலகி, "மன்னிக்க வேண்டும், இன்று எனக்குத் தொண்டை சரியில்லை" என்றார்.

மூத்த ஒலிப்பொறியாளர் எதுவும் பேசாமல் பஃபரை 128 ஆக்கினார். அடுத்த டேக்கே சரியாக அமைந்தது. பாடகி வெளியே வந்ததும் அவரிடம் உண்மையைச் சொல்லச் சொன்னார், சொன்னேன். கூச்சமாகத்தான் இருந்தது. எங்கள் இயந்திரத்தின் பிழைக்காக ஒருவர் தம் தொண்டையைக் குறைசொல்லிக்கொள்ளும் நிலை வரக்கூடாது என்பதுதான் அந்த அறையில் பயிற்சி மாணவனுக்குரிய பொறுப்பு என்று அன்றைக்குப் புரிந்தது.

அதன்பின் பாடுபவர் வருவதற்கு அரைமணி முன்பே போய், சாம்பிள் ரேட், பஃபர் இரண்டையும் சரிபார்த்து, ஸ்பீக்கர் ஒலியைக் குறைத்துவிட்டுத்தான் மின்சாரம் கொடுத்தால்தான் இயங்கும் கன்டென்சர் மைக்குக்கான 48 வோல்ட்டைப் போடுவேன். இல்லாவிட்டால் எழும் 'டொப்' சத்தம் காதையும் ஸ்பீக்கரையும் ஒருசேரப் பதம்பார்க்கும். பிறகு ஹெட்போனை நானே மாட்டிக்கொண்டு நான்கு வரி பாடிப் பார்ப்பேன். என் குரலைப் பற்றி அங்கே யாரும் கருத்துச் சொல்லாதது அவர்களுடைய பெருந்தன்மை.

ஆகவே ஓர் இடத்தில் சேருமுன், அங்குள்ள கருவிகளின் பட்டியலைவிட, பதிவு நடக்கும்போது கட்டுப்பாட்டு அறையில் உட்கார அனுமதிப்பார்களா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். அனுமதி உண்டு என்றால் முதல் மாதம் கேபிள் மட்டுமே சுற்றச் சொன்னாலும் தயங்காமல் சேரலாம். வெளியறையிலேயே இருக்க வேண்டும் என்றால், அதே நான்கு மாதத்தை வீட்டில் ஒரு மைக்கோடு செலவிடுவது மேல்.