ராஸ்பெர்ரி பை 4-ல் வீடியோ தத்தித் தத்தி வருவது பற்றி

ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியில் யூஎஸ்பி வெப்கேம் மாட்டி 1080 தெளிவில் (1920 × 1080 புள்ளிகள்) பதிவு செய்தால் நொடிக்கு 5 ஃப்ரேம்தான் வருகிறது, எஸ்டி கார்டை மாற்றியும் தீரவில்லை என்கிறீர்கள். கார்டு பாவம், விட்டுவிடுங்கள். அந்த 5 தான் துப்பு. உங்கள் கேமரா ஒய்யூஒய்வி வடிவில், சுருக்காத படத்தை அனுப்புகிறது போலிருக்கிறது. புள்ளிக்கு 2 பைட் வீதம் 1920 × 1080 × 2 பைட். ஒரு ஃப்ரேமுக்கே சுமார் 4 எம்பி. 30 ஃப்ரேம் என்றால் நொடிக்கு 124 எம்பி. யூஎஸ்பி 2.0-வின் உச்சமே ஏட்டளவில் 60 தான். அதனால் கேமராவே ஃப்ரேமைக் குறைத்துக்கொள்கிறது.

வீடியோ பதிவு செய்யும் எஃப்எஃப்எம்பெக் நிரலின் கட்டளையில் இன்புட் ஃபார்மட்டை எம்ஜேபெக் என்று கொடுங்கள்; அதில் கேமராவே ஒவ்வொரு ஃப்ரேமையும் சுருக்கி அனுப்பும். கட்டளையில் இது கேமரா பெயருக்கு முன்னால் வர வேண்டும், பின்னால் போட்டால் பலிக்காது. வீடியோ கோடெக்கை (சுருக்கும் முறையை) காப்பி என்று வையுங்கள், வந்தது அப்படியே கோப்பில் பதியும். பை மறுபடி என்கோட் செய்ய, அதாவது சுருக்க, வேண்டியதில்லை. கோப்பு பெரிதாகும், அவ்வளவுதான்.

அப்புறம், திரை மூலையில் மஞ்சள் மின்னல் குறி தெரிகிறதா? தெரிந்தால் மின்சாரம் போதவில்லை. பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில் மலிவாகக் கிடைத்த அடாப்டரோடு நான் இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் போட்டதும் அடங்கியது.

ராத்திரி மட்டும் திக்கினால், அது வெளிச்சக் குறைவு; இருட்டில் கேமரா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். ஒரு டியூப்லைட்டைப் போட்டுப் பாருங்கள்.